நம்ம பிபிடியா, வேற நெல்லா? கமலா ரகமும் மரபணுத் திருத்த விதிகளும்

2025 மே 4 அன்று டெல்லியில் மத்திய வேளாண் அமைச்சர் சிவராஜ் சிங் சௌகான் இரண்டு நெல் ரகங்களை அறிவித்தார். ஒன்று டிஆர்ஆர் தான் 100. கமலா என்று அதற்குப் பெயர். பிபிடி என்று நாம் சொல்லும் சம்பா மசூரி நெல்லிலிருந்து வந்தது. ஐதராபாத்தில் உள்ள இந்திய நெல் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியது. இன்னொன்று பூசா டிஎஸ்டி நெல் 1, டெல்லியில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் ரகம். இரண்டுமே கிரிஸ்பர் என்ற கருவியால் மரபணுவைத் திருத்தி உருவாக்கியவை. பயிரிடப் பரிந்துரைத்த மாநிலங்களின் பட்டியலில் தமிழ்நாடும் புதுச்சேரியும் இருந்தன.

அந்த வாரம் ஊருக்குப் போயிருந்தேன். கடைமடைப் பகுதி. பெரியப்பா செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டுக் கேட்டார்: "ஏன் தம்பி, இது நம்ம பிபிடிதானா, இல்ல வேற நெல்லா?"

பிபிடிதான், ஒரே ஒரு மரபணுவில் மட்டும் சின்னதாக வெட்டியிருக்கிறார்கள் என்றேன்.

"வெட்டினது சரியா இருக்கான்னு யாரு பார்த்தா?"

இந்த இரண்டு கேள்விகளில் முதல் கேள்விக்கு அரசிடம் நல்ல பதில் இருக்கிறது. இரண்டாவதற்கு அரைகுறைப் பதில்தான் இருக்கிறது. கமலாவின் கதையை இந்த இரண்டுக்கும் நடுவில் வைத்துத்தான் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

வெட்டியது என்ன?

கமலாவின் தாய் ரகம் சம்பா மசூரி, அதாவது பிபிடி 5204. ஆந்திராவின் பாபட்லாவில் உருவாகி 1986இல் வெளிவந்தது. நம் பக்கம் ஆந்திரா பொன்னி என்று அரிசிக் கடையில் கேட்டு வாங்குவது இதைத்தான். சன்னமான அரிசி, சோறு பதமாக இருக்கும், நல்ல விலை போகும். குறை என்னவென்றால் நீண்ட வயது. ஏறத்தாழ 150 நாள் வயலில் நிற்கும்.

நெல் கதிரில் எத்தனை மணி பிடிக்கும் என்பதைத் தீர்மானிப்பதில் சைட்டோகைனின் என்ற ஹார்மோனுக்குப் பெரிய பங்கு உண்டு. கதிர் உருவாகும் நுனியில் இந்த ஹார்மோன் கூடுதலாக இருந்தால் கிளைகளும் பூக்களும் அதிகமாகும். அதைச் சிதைக்கும் ஒரு நொதியைச் செடியே தயாரிக்கிறது. அந்த நொதிக்கான மரபணுதான் சிகேஎக்ஸ்2. ஐதராபாத் விஞ்ஞானிகள் அந்த மரபணுவில் வெட்டு விழச் செய்தார்கள். வெட்டிய இடத்தைச் செடி தானே ஒட்டிக்கொள்ளும்போது டிஎன்ஏவின் சில எழுத்துகள் விட்டுப்போகும். நொதி வேலை செய்யாது, ஹார்மோன் தங்கும், கதிரில் மணி கூடும்.

இது ஆய்வகத்தில் திடீரென்று முளைத்த யோசனை இல்லை. ஜப்பானில் ஹபடாக்கி என்ற நெல் ரகத்தில் மணி ஏன் அதிகம் என்று தேடிய குழு, இதே மரபணு அதில் குறைவாக இயங்குவதுதான் காரணம் என்று 2005இல் வெளியிட்டது. அதாவது கமலாவில் செய்தது போன்ற ஒன்றை நெல் ஏற்கெனவே தானாகச் செய்து பார்த்திருக்கிறது.

அப்படியானால் பழைய முறையில் ஒட்டுச் சேர்த்தே கொண்டுவந்திருக்கலாமே? சேர்க்கலாம். ஆனால் மணி கூட வரும்போது கூடவே தடித்த அரிசியும் வேறு சில குணங்களும் வரும். அவற்றைக் கழிக்கப் பல தலைமுறை மீண்டும் மீண்டும் பிபிடியோடு சேர்க்க வேண்டும். பாக்டீரியா இலைக்கருகலைத் தாங்கும் மேம்படுத்திய சம்பா மசூரி அப்படி ஒட்டுச் சேர்த்து வந்ததுதான். ஐதராபாத்தின் இரண்டு ஆராய்ச்சி நிறுவனங்கள் சேர்ந்து உருவாக்கி 2008இல் வெளிவந்தது. அதில் மூன்று எதிர்ப்புத்திறன் மரபணுக்கள் வேறு நெல் வகைகளிலிருந்து வந்து சேர்ந்தன. அதை யாரும் எதிர்க்கவில்லை, யாரும் பெரிதாகக் கவனிக்கவுமில்லை.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். சம்பா மசூரியின் மூதாதைகளில் ஒன்று ஜிஇபி 24. கோயம்புத்தூர் நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 1921இல் வந்த ரகம். கோனாமணி என்ற நாட்டு நெல்லில் தானாக ஏற்பட்ட ஒரு மரபணு மாற்றத்தைப் பார்த்துப் பொறுக்கி எடுத்தது. நூறு வருடத்துக்கு முன்பு வயலில் நின்று ஒரு மாறின செடியைப் பிரித்தெடுத்தார்கள். அதன் வழி வந்த நெல்லில் இன்று இடம் பார்த்து வெட்டுகிறார்கள். எனக்கு இந்தத் தொடர்ச்சி ஆறுதலாகவே இருக்கிறது.

ஏக்கருக்கு 6 மூட்டை, வயதில் 20 நாள்

நாடு முழுவதும் பல இடங்களில் இரண்டு ஆண்டு நடந்த சோதனையில் கமலா சராசரியாக ஹெக்டேருக்கு 5.37 டன் கொடுத்தது என்றும், சம்பா மசூரி 4.5 டன் கொடுத்தது என்றும் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஏஆர்) சொல்கிறது. 19 சதவீதம் கூடுதல். 60 கிலோ மூட்டைக் கணக்கில் பார்த்தால் ஏக்கருக்கு ஏறத்தாழ 6 மூட்டை. வயது சுமார் 20 நாள் குறைவு, 130 நாளில் அறுவடை.

டெல்டாக்காரர்கள் அந்த 6 மூட்டையை விட 20 நாளைத்தான் உற்றுப் பார்ப்பார்கள். மேட்டூர் அணையை ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடுவது வழக்கம். செப்டம்பர் 15இல் நாற்று விட்டால் 150 நாள் நெல் பிப்ரவரி 12இல்தான் அறுப்புக்கு வரும். கதிர் முற்றும் கடைசி நாட்களில் வாய்க்காலில் தண்ணீர் இருக்காது. கடைமடையில் அந்த நாட்களில் போர்செட் வைத்திருப்பவரிடம் போய் நிற்க வேண்டும். 130 நாள் நெல் என்றால் ஜனவரி 23. அணை மூடுவதற்குள் வேலை முடிந்துவிடும். அறுப்புக்கு ஒரு வாரம் முன்பு ஈரத்தில் உளுந்து தெளிப்பவருக்கும் அந்த ஈரம் கிடைக்கும்.

பூசா டிஎஸ்டியின் தாய் எம்டியு 1010. அதில் இலைத்துளைகளின் எண்ணிக்கையோடு தொடர்புடைய டிஎஸ்டி என்ற மரபணுவை முடக்கியிருக்கிறார்கள். இலைத்துளை குறைந்தால் செடி நீரைக் குறைவாக இழக்கும், உப்பையும் வறட்சியையும் கூடுதலாகத் தாங்கும். கடலோர உப்பு நிலத்தில் 30 சதவீதம் வரை கூடுதல் விளைச்சல் என்பது நிறுவனத்தின் கணக்கு. வேதாரண்யம் பக்கம் உப்பேறிய நிலம் வைத்திருப்பவருக்கு இது சாதாரணச் செய்தி இல்லை.

ஆகவே இந்த நெல் தேவையா என்று கேட்டால், தேவைதான் என்பேன்.

நீக்கலும் அடங்கும் என்ற சட்டம்

இந்தியாவில் மரபணு மாற்றிய உயிர்களை ஒழுங்குபடுத்துவது 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்த 1989 விதிகள். அதன்படி ஒரு பயிர் மூன்று படி ஏற வேண்டும். முதலில் ஆராய்ச்சி நிறுவனத்துக்குள்ளேயே உள்ள உயிரிப் பாதுகாப்புக் குழு. அடுத்து மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையில் உள்ள ஆய்வுக் குழு. மேலே சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் மரபணுப் பொறியியல் மதிப்பீட்டுக் குழு.

2022 மார்ச் 30 அன்று சுற்றுச்சூழல் அமைச்சகம் ஒரு குறிப்பாணை வெளியிட்டது. எஸ்டிஎன்-1, எஸ்டிஎன்-2 என்ற இரண்டு வகைத் திருத்தங்களுக்கு விதி 7 முதல் 11 வரை விலக்கு. முதல் வகையில் வெட்டுவது மட்டும் நடக்கும். இரண்டாவதில் ஒரு சின்ன மாதிரியைக் காட்டி அந்தப்படி ஒட்டவைப்பார்கள். வெளி மரபணுவைச் செருகும் மூன்றாவது வகைக்கு விலக்கு இல்லை. நிபந்தனை ஒன்றே: செடியில் வெளி டிஎன்ஏ மிச்சம் இருக்கக் கூடாது. அந்த மே மாதமே உயிரித் தொழில்நுட்பத் துறையின் வழிகாட்டுதலும் வந்தது.

நிபந்தனை ஏன் தேவை என்றால், வெட்டும் கருவியைச் செடிக்குள் கொண்டுபோக முதலில் வெளி டிஎன்ஏவைத்தான் நுழைப்பது வழக்கம். வெட்டு முடிந்ததும் அடுத்த தலைமுறை நாற்றுகளில் கருவி இல்லாத, வெட்டு மட்டும் உள்ள செடியைப் பொறுக்கி எடுப்பார்கள். நம் ஆட்கள் விதைநெல் வயலில் கலவன் எடுப்பது, அதாவது வேறு ரகச் செடியைப் பிடுங்கிப் போடுவது போலத்தான். அங்கே கண்ணால் பார்க்கிறோம், இங்கே சோதனையால் பார்க்கிறார்கள். ஒழுங்காகச் செய்தால் நம்பலாம்.

ஒழுங்காகச் செய்தார்களா என்று பார்ப்பது நிறுவனத்தின் சொந்தக் குழு. அதில் உயிரித் தொழில்நுட்பத் துறை நியமிக்கும் ஒருவர் உண்டு, ஆனால் தலைமை நிறுவனத்தின் தலைவரிடம். குழு சரி என்றால் மேலே உள்ள ஆய்வுக் குழுவுக்குத் தெரிவிக்கும். அத்தோடு அது சாதாரண நெல் ரகம் போலச் சோதனை வயலுக்குப் போகும். கமலாவுக்கு 2023 மே மாதக் கடைசியில் இந்த அனுமதி கிடைத்தது. மதிப்பீட்டுக் குழு வரை போகவில்லை. பெரியப்பாவின் இரண்டாவது கேள்வி இங்கேதான் மாட்டிக்கொள்கிறது. வெட்டியவரும் சரிபார்த்தவரும் ஒரே வளாகத்தில் இருக்கிறார்கள்.

விதிகளிலேயே ஒரு சிக்கலும் இருக்கிறது. 1989 விதிகள் மரபணுத் தொழில்நுட்பத்தை வரையறுக்கும்போது, மரபுப் பொருளை நீக்குவதும் அதில் அடங்கும் என்று சொல்கின்றன. எஸ்டிஎன்-1 என்பதே பெரும்பாலும் நீக்கல். ஆக, சட்டத்தின் சொல்படி இது மரபணுத் தொழில்நுட்பம்தான். அதனால்தான் அரசு வரையறையை மாற்றவில்லை, விதி 20இல் உள்ள விலக்கு அதிகாரத்தைப் பயன்படுத்தியது. எதிர்ப்பாளர்கள் இதைப் பிடித்துக்கொள்கிறார்கள், அதில் நியாயம் இருக்கிறது. விலக்கிய விதிகளில் 11ஆவது உணவுப் பொருள் அனுமதி பற்றியது. உண்ணும் பொருளைப் பற்றிய ஒரு கதவை, நாடாளுமன்ற விவாதம் இல்லாமல், ஒரு குறிப்பாணையால் திறந்திருக்கிறோம். அறிவியல் காரணம் வலுவாக இருந்தும் வழி பலவீனமாகிவிட்டது என்பது என் மதிப்பீடு.

அறிவியல் காரணம் வலுவானது என்று ஏன் சொல்கிறேன்? எக்ஸ் கதிரோ காமா கதிரோ பாய்ச்சி, எங்கே என்ன உடைந்தது என்றே தெரியாமல், பிடித்த செடியைப் பொறுக்கி ரகமாக்குவது பல பத்தாண்டாக நடக்கிறது. பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் ட்ராம்பே நிலக்கடலை ரகங்கள் அப்படி வந்தவை, நாம் தின்றுகொண்டுதான் இருக்கிறோம். அதற்கு எந்த மரபணு அனுமதியும் கேட்பதில்லை. ஓர் இடத்தில் தெரிந்து வெட்டியதற்கு மட்டும் முழுத் தடையும் போடுவது பொருந்தாது. ஐரோப்பிய நீதிமன்றம் 2018இல் திருத்திய பயிரும் மரபணு மாற்றுப் பயிரே என்று தீர்ப்பளித்தது. அதைத் தளர்த்த 2023இல் ஐரோப்பிய ஆணையம் முன்மொழிந்து, நாடாளுமன்றமும் உறுப்பு நாடுகளும் ஆண்டுக்கணக்கில் வெளிப்படையாக வாதாடின. நாம் ஒரு குறிப்பாணையில் முடித்துவிட்டோம்.

2010இல் கேட்டார்கள்

புழுவைத் தாங்க ஒரு பாக்டீரிய மரபணுவைச் செருகிய பி.டி. கத்தரிக்காய் பலருக்கு நினைவிருக்கும். 2009 அக்டோபரில் மேலே சொன்ன மரபணுப் பொறியியல் மதிப்பீட்டுக் குழு அனுமதி கொடுத்தது. கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகமும் அந்த முயற்சியில் பங்காளி. கோ 2, எம்டியு 1 போன்ற நம் ரகங்களிலும் அந்தப் பாக்டீரிய மரபணுவை ஏற்றியிருந்தார்கள். அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் 2010 ஜனவரி, பிப்ரவரியில் 7 நகரங்களில் பொதுக் கூட்டம் போட்டார். ஏறத்தாழ 8,000 பேர் வந்தார்கள். விவசாயிகள், விஞ்ஞானிகள், மருத்துவர்கள், சித்த வைத்தியர்கள் என எல்லோரும் பேசினார்கள், கத்தினார்கள். தமிழ்நாட்டில் நம்மாழ்வார் ஊர் ஊராகப் போய் எதிர்த்துப் பேசினார். 2010 பிப்ரவரி 9 அன்று அமைச்சர் காலவரையற்ற நிறுத்தம் அறிவித்தார்.

அதிகாரிகளும் விஞ்ஞானிகள் பலரும் இதிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம், மக்களைக் கேட்டால் காரியம் கெட்டுப்போகும் என்பது. தவறான பாடம் என்று நினைக்கிறேன். அன்று கூட்டங்களில் எழுந்த கேள்விகளில் பல, பாதுகாப்புச் சோதனையை நடத்தியது விதை விற்கும் நிறுவனமே அல்லவா, தரவை ஏன் மறைத்தார்கள், விதையை வருடா வருடம் வாங்க வேண்டுமா என்பவை. இவை எதுவும் பாக்டீரிய மரபணுவால் மட்டும் வந்த கேள்விகள் அல்ல. கமலாவில் வெளி மரபணு இல்லை என்ற பதிலால் இவை கரைந்துபோகாது.

அதற்கு முன்பு, 2001இல் குஜராத் வயல்களில் அனுமதியில்லாத பி.டி. பருத்தி நின்றுகொண்டிருந்தது. அனுமதி அடுத்த வருடம்தான் வந்தது. அதற்குப் பின், 2022இல் மரபணு மாற்றுக் கடுகுக்குக் கிடைத்த அனுமதி உச்ச நீதிமன்றம் போய், 2024 ஜூலையில் இரண்டு நீதிபதிகளும் மாறுபட்ட தீர்ப்பு எழுதினார்கள். ஒன்றில் மட்டும் இருவரும் ஒத்துப்போனார்கள்: இதற்கு ஒரு தேசியக் கொள்கை வேண்டும், எல்லாத் தரப்பையும் கேட்டு அதை வகுக்க வேண்டும். கமலா வெளிவந்தது அதற்கு ஒன்பது மாதத்துக்கு மேல் கழித்து, அந்தக் கொள்கை இல்லாமலேயே.

எண்களைச் சுற்றி நடந்த சண்டை

அறிவிப்பு வந்த உடனே மரபணு மாற்றற்ற இந்தியாவுக்கான கூட்டமைப்பு எதிர்த்தது. சில மாதம் கழித்து, அகில இந்திய நெல் திட்டத்தின் சோதனை அறிக்கைகளிலிருந்து எண்களை எடுத்து, சொன்ன அளவுக்கு இந்த ரகங்கள் விளையவில்லை, பல இடங்களில் தாய் ரகத்துக்குப் பின்தங்கின என்று குற்றம் சாட்டியது. ஐசிஏஆர் மறுத்தது.

இதில் யார் சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. எந்த ரகமும் எல்லா மண்ணிலும் ஜெயிக்காது, அது நெல் போடும் எல்லோருக்கும் தெரியும். ஆடுதுறையில் நன்றாக வந்தது அம்பாசமுத்திரத்தில் சுமாராக இருக்கும். அதனால்தான் இடவாரியாகப் பார்க்கிறோம். ஆனால் அறிவிப்பு நாளில் விவசாயிக்குச் சொன்னது ஒரு சராசரியும் ஒரு சதவீதமும்தான். எந்தச் சோதனை வயலில் எவ்வளவு, எந்தப் பருவத்தில், எவ்வளவு உரத்தில் என்ற அட்டவணையை அன்றே தமிழிலும் தெலுங்கிலும் ஒடியாவிலும் கையில் கொடுத்திருந்தால், பேச்சு நெல்லைப் பற்றியதாக இருந்திருக்கும். எதிர்ப்பவர் தோண்டி எடுத்த பிறகு விளக்கம் சொன்னதால் பேச்சு நாணயத்தைப் பற்றியதாகிவிட்டது.

காப்புரிமையும் இப்படித்தான். கிரிஸ்பர்-காஸ்9 கருவியின் காப்புரிமைகள் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களிடமும் ஆராய்ச்சி நிறுவனங்களிடமும் இருக்கின்றன. ஆராய்ச்சிக்குப் பயன்படுத்துவது வேறு, விதையாக விற்பது வேறு. நம் காப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 3(ஜே) செடிக்கும் விதைக்கும் காப்புரிமை தருவதில்லை. 2001ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்புச் சட்டம் விதையைச் சேமிக்கவும் விதைக்கவும் பக்கத்து வயல்காரருக்குக் கொடுக்கவும் விவசாயிக்கு உரிமை தருகிறது. கமலா விஷயத்திலும் இது அப்படியே செல்லும், கருவிக்கான உரிமத்தில் இந்த நிபந்தனைதான் இருக்கிறது என்று எழுத்தில் ஒரு பக்கம் வெளியிட வேண்டும். இது பொதுப் பணத்தில் உருவான நெல்.

ஜப்பானில் தக்காளி நாற்று

ஜப்பானின் விதியும் நம்முடையது போல இளகியதுதான். வெளி மரபணு இல்லையென்றால் அரசிடம் தகவல் சொன்னால் போதும், லேபிள் கட்டாயமில்லை. சுகுபா பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சியிலிருந்து வந்த, காபா என்ற சத்து கூடுதலாக உள்ள தக்காளியை சனாடெக் சீட் நிறுவனம் 2020 டிசம்பரில் அப்படித்தான் பதிவு செய்தது.

அடுத்து அவர்கள் செய்தது வித்தியாசமானது. கடையில் கொட்டவில்லை. 2021இல், வீட்டுத் தோட்டத்தில் வளர்க்க விருப்பம் என்று கேட்ட ஆயிரக்கணக்கானவர்களுக்கு நாற்றை இலவசமாகக் கொடுத்தார்கள். வாங்கியவர்களுக்கு அது திருத்திய தக்காளி என்று தெரியும். தொட்டியில் வைத்து, தண்ணீர் ஊற்றி, பறித்துத் தின்று பார்த்தார்கள். அந்த செப்டம்பரில் பழம் விற்பனைக்கு வந்தபோது, சட்டம் கேட்காமலேயே, மரபணுத் திருத்தத்தால் மேம்படுத்தியது என்று பெட்டியில் அச்சிட்டார்கள். வேண்டாதவர் ஒதுக்கிவிடலாம். எல்லோரும் மனம் மாறிவிடவில்லை, ஆனால் ஏமாற்றினார்கள் என்று சொல்ல யாருக்கும் இடமில்லாமல் போனது.

அட்டையில் ஒரு வரி

நெல் ரகம் அறிவித்த உடனே மூட்டையாகி வராது. கரு விதை, வல்லுநர் விதை, ஆதார விதை, சான்று விதை என்று படிப்படியாகப் பெருக்க வேண்டும். வல்லுநர் விதை மூட்டையில் மஞ்சள் அட்டை, ஆதார விதையில் வெள்ளை, நம் கைக்கு வரும் சான்று விதையில் நீலம். டெப்போவில் மூட்டை வாங்கும்போது பெரியப்பா முதலில் பார்ப்பது அந்த நீல அட்டையைத்தான். பயிர், ரகம், குவியல் எண், முளைப்புத்திறன், காலாவதி நாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரலை வைத்து வாசிப்பார். அப்புறம் மூட்டை ஓரத்தைப் பிரித்து நாலு மணியை உள்ளங்கையில் போட்டு நகத்தால் கீறிப் பார்ப்பார்.

2022 விலக்கில் அந்த அட்டையில் எதையும் கூடுதலாகச் சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இயற்கை விவசாயம் செய்பவருக்கு இது உடனடிப் பிரச்சினை. அவர் சான்றிதழில் மரபணு மாற்று விதைக்கு இடமில்லை. திருத்திய விதை அந்தக் கணக்கில் வருமா வராதா என்று அவருக்குத் தெரிய வேண்டும். வெட்டிய இடத்தின் வரிசையை வெளியிட்டால் சாதாரண பிசிஆர் சோதனையில் கமலாவைப் பிபிடியிலிருந்து பிரித்துவிடலாம். வெளியிடாவிட்டால் எங்கே தேடுவது என்றே தெரியாது. ரக விளக்கத்தோடு அந்த வரிசையையும், நிறுவனக் குழு எந்தச் சோதனையைப் பார்த்து வெளி டிஎன்ஏ இல்லை என்று முடிவு செய்தது என்பதையும் பொதுவில் வைப்பதற்குப் பெரிய செலவு ஒன்றும் ஆகாது. நிறுவனத்துக்கு வெளியே உள்ள ஒரு ஆய்வகம் அதே சோதனையை ஒருமுறை திரும்பச் செய்யட்டும்.

கமலா வந்தால் போடுவீர்களா என்று பெரியப்பாவைக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "அரை ஏக்கர்ல போட்டுப் பார்ப்பேன்" என்றார். "ஆனா அட்டையில எழுதியிருக்கணும். மீதிய விதைக்கு எடுத்து வச்சுப் பக்கத்து வயக்காரனுக்குக் கொடுக்கறப்போ நான் என்னன்னு சொல்லிக் கொடுக்கறது?"